தோட்டத்துப் பேரைச் சொன்ன வானொலி

எங்கள் தோட்டத்துக்கு முதல் வானொலியைக் கொண்டுவந்து வைத்தது அவசரகாலம். தோட்டத்து ஜனங்கள் பாட்டுக் கேட்கட்டும் என்று யாரும் நினைத்துக் கொடுத்ததில்லை அது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரமாகச் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, ஓரிடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு அரிசி போகாமல் தடுப்பது வேலியின் வேலை. அவர்களுடைய பேச்சு ஜனங்களின் காதில் ஏறாமல் தடுப்பது வானொலியின் வேலை. 1946 ஏப்ரல் 1-இல் தொடங்கிய ரேடியோ மலாயா, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று பல மொழிகளில் பேசிக்கொண்டிருந்தது. 1950-இல் இந்தப் பிரசாரப் போரை நடத்த லண்டனிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி. பின்னாளில் பிபிசிக்கே தலைவரானவர். சரணடைந்தவர்களையே ஒலிவாங்கி முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். பேசினால் போதுமா, கேட்க ஆள் வேண்டுமே! சீனர்களை இடம்மாற்றிக் குடிவைத்த புதுக்கிராமங்களுக்கும் மலாய்க் கம்போங்குகளுக்கும் தோட்டங்களுக்கும் எல்லோரும் கூடிக் கேட்கிற பொது வானொலிப் பெட்டிகள் வந்து இறங்கின.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதை. அப்பா சொல்லித்தான் தெரியும். பெட்டியை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைச் சுவரில், மரக்கூடு ஒன்றுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்களாம். சாவி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம். சாயங்காலம் அவர் வந்து திறந்துவைப்பார். பேச்சு வந்தால் ஆண்கள் எழுந்து சுருட்டுப் பற்ற வைக்கப் போய்விடுவார்கள். பாட்டு வந்ததும் அத்தனை பேரும் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். "அவன் என்னத்துக்கோ குடுத்தான், நாம என்னத்துக்கோ வச்சுக்கிட்டோம்" என்பார் அப்பா. வானொலியைப் பற்றி நான் பிறகு படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லவில்லை.

எங்கள் வட்டாரமான கோல சிலாங்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டு: மெலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கம், கம்போங் குவாந்தானின் மின்மினிப் பூச்சி. நாங்கள் அதற்கு உள்ளே தள்ளி, பத்தாங் பெர்ஜுந்தைக்கும் ஈஜோக்கிற்கும் நடுவில் ரப்பர் காட்டுக்குள் கிடந்தோம். வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை வயல்காடு. அங்கே ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய மலாய்க்காரர்கள். ஆற்று முகத்தில் சீன மீனவர்கள். புக்கிட் படோங் பக்கம் தெமுவான் பூர்வகுடிகள். எங்களுக்குப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலாயாவிலேயே முதன்முறையாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட இடம் அது. அந்த மனிதர் இங்கே கண்டதை வைத்து எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. எங்கள் மண்ணைப் பற்றிப் பாரிஸில் வாசித்தார்கள். எங்கள் லயத்திலோ என் பாட்டியான ஆயாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

தோட்டத்து வாழ்க்கையை அனுபவிக்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை, கோயில், பள்ளிக்கூடம், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. ஓர் ஆள் பிறந்து, வளர்ந்து, பால்மரம் வெட்டி, செத்துப்போகும்வரை வெளியே போக வேண்டிய அவசியமே வராமல் ஏற்பாடு செய்திருந்தார்கள். கோல சிலாங்கூர் பேருந்து எங்கள் முச்சந்தியில் நிற்கும். அதில் தோட்டத்துப் பேர் எழுதியிருக்காது. கடிதத்துக்கும் ஆபீஸ் விலாசம்தான். கிராணி பிரித்துக் கொடுப்பார்.

எங்கள் வீட்டுக்குச் சொந்தமாக டிரான்சிஸ்டர் வந்தது அறுபதுகளின் நடுவில். பத்தாங் பெர்ஜுந்தையில் சீனர் கடையில் மாதத் தவணைக்கு எடுத்தார் அப்பா. தபால் ஆபீசில் காசு கட்டி லைசென்ஸும் எடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தோம். செம்புக் கம்பி ஒன்றைக் கொல்லைப்புறப் பாக்கு மரத்தில் கட்டி, பலகைச் சுவர் இடுக்கு வழியாக உள்ளே இழுத்தார் அப்பா. எவரெடி பேட்டரி தளர்ந்துபோனால் ஆயா அதைத் தகரக் கூரையில் வெயிலுக்கு வைப்பாள். சூட்டில் கொஞ்ச நேரம் உயிர் வரும், பாட்டு ஒன்றிரண்டு ஓடும், பிறகு அறிவிப்பாளர் குரல் இழுத்து இழுத்து அமுங்கிவிடும். சம்பள நாள் வரை வீடு அமைதிதான்.

ரப்பர் வேலையின் நேரக்கணக்கும் வானொலியும் எப்படியோ பொருந்திப்போயின. விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக ஓடும். பிறகு மங்கு மங்காகப் பால் சேர்த்து, தோள்கம்பான காண்டாவில் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகியிருக்கும். அப்புறம் பெண்களுக்குச் சோறாக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும். கை ஓயாது, காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் மத்தியான நாடகமும் பாட்டும் வந்தன. பத்திரிகை படிக்க உட்கார வேண்டும், எழுத்துத் தெரிய வேண்டும். 1963 டிசம்பர் 28-இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. எங்கள் பக்கம் வந்தபோது அதற்கும் உட்கார வேண்டியிருந்தது, மின்சாரமும் வேண்டியிருந்தது. எங்களுக்கு ஜெனரேட்டர் விளக்கு, அந்தியில் போட்டு இரவில் அணைத்துவிடுவார்கள். உட்கார நேரமில்லாத, எழுத்துத் தெரியாத, மின்சாரமில்லாத ஒரு பெண்ணை நோக்கி வந்த ஒரே சாதனம் வானொலி. அம்மாவுக்கு உலகத்தில் தெரிந்ததில் பாதி அங்கிருந்து வந்தது. அம்மை ஊசி, பால்மாவு, பிள்ளைகளின் பூச்சி மாத்திரை, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், காந்தி, ஈரானில் நிலநடுக்கம் எல்லாம் அவளுடைய பேச்சில் ஒன்றாகக் கலந்து வரும்.

எங்களுக்கு வானொலி ஒருநாள் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது வேறு. நேயர் விருப்ப நிகழ்ச்சிக்குத் தபால் அட்டை போடும் பழக்கம் இருந்தது. அக்காதான் எங்கள் லயத்துக்கே எழுத்தாளி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாட்டின் பேர், படத்தின் பேர், கீழே கேட்பவர்கள் பட்டியல்: இன்னார், இன்னார், அவர்களுடைய பிள்ளைகள், மேல்வரிசை லயம், கீழ்வரிசை லயம் என்று அட்டை கொள்ளாமல் எழுதுவாள். கடைசியில் தோட்டத்தின் பேர், 'பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்'. எத்தனையோ அட்டை போட்டோம். ஒருநாள் மத்தியானம், அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரில் எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்த ஒரு குரல் அந்தப் பட்டியலைப் படித்தது. கடைசியில் எங்கள் தோட்டத்துப் பேரைச் சொன்னது. பக்கத்து வீட்டு அத்தை குழம்பு தீய்வதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "ஏண்டி, நம்ம தோட்டத்தச் சொன்னான்டி!" என்று கத்தியது இன்னமும் எனக்குக் கேட்கிறது. அவள் பேரைச் சொன்னதைவிடத் தோட்டத்துப் பேரைச் சொன்னதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டிருந்தது.

அன்றைக்கு என்ன பாட்டுப் போட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பட்டியல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் மற்ற தோட்டங்களைத் தெரிந்துகொண்டோம். கெடாவில் ஒரு தோட்டம், சிகாமட்டில் ஒன்று, பாகான் டத்தோவில் தெலுங்குக்காரர்கள் நிறைந்த தென்னந்தோட்டம் ஒன்று. அங்கேயும் யாரோ அதே பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டமும் தனித்தனி வேலிக்குள் இருந்த காலத்தில், இந்த நாட்டில் நாம் இத்தனை பேர் இருக்கிறோம் என்ற எண்ணம் எங்களுக்கு அரசியல் கூட்டத்தில் பிறக்கவில்லை. அந்தப் பேர் வாசிப்பில்தான் பிறந்தது. பாட்டுக்கு நடுவே அத்தனை பேரை வாசிக்கிறார்களே என்று சலித்துக்கொண்ட படித்தவர்களை நான் பின்னாளில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பேர் வேறு எங்காவது அச்சாகியிருக்கும்.

தமிழ்ப்பள்ளியிலும் ஒரு பெட்டி இருந்தது. அறுபதுகளின் பிற்பாதியில் பள்ளி ஒலிபரப்பு நாடெங்கும் வந்தபோது, வாத்தியார் அதை மேசையில் தூக்கிவைத்து, கைகட்டி உட்காரச் சொல்வார். எங்கள் வாத்தியாருக்கு நல்ல தமிழ்தான். இருந்தாலும் ழகரத்தைக் கூசாமல் உச்சரிக்கும் ஒரு குரலை நாங்கள் முதலில் கேட்டது அந்தப் பெட்டியில். மலேசியத் தமிழ் எழுத்துக்கும் வானொலி ஒரு பட்டறையாக இருந்தது. பின்னாளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் முக்கியமான நாவலாசிரியராகவும் அறியப்பட்ட ரெ. கார்த்திகேசு வானொலியில் வேலை பார்த்து வந்தவர்தான். நாடகம் எழுத, கதை வாசிக்க, கவிதை அனுப்ப என்று தோட்டத்து இளைஞர்களுக்கு அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. தமிழ்நாட்டுப் படப்பாட்டு மட்டுமே ஓடியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மரம் வெட்டுகிறவன் பேசும் பேச்சிலேயே ஒரு நாடகம் வந்ததைக் கேட்ட அன்றைக்கு எங்கள் மேற்பார்வையாளர் மண்டோர்கூட வாய்விட்டுச் சிரித்தார்.

வானொலிக்குச் சுவர் கிடையாது. எங்கள் பெட்டியில் தமிழ் ஓயும்போது குமிழைத் திருகினால் மலாய். பி. ரம்லி பாட்டு வந்தால் ஆயாகூட வெற்றிலை இடிப்பதை நிறுத்திக் கேட்பாள். வரி புரியாது, குரல் பிடிக்கும். நான் பள்ளியில் மலாய் படித்துத் தேறியதற்குப் பாதிக் காரணம் அந்தச் செய்தி அறிக்கைகள். பத்தாங் பெர்ஜுந்தைக் கடைக்குப் போனால் சீனத் தவுக்கே பெட்டியை உரக்க வைத்து ஒரு கதை கேட்டுக்கொண்டிருப்பார். கதையின் நல்ல கட்டத்தில் போய் மாட்டினால் அரிசி நிறுக்கமாட்டார், காத்திருக்க வேண்டும். 1959-லேயே பூர்வகுடிகளுக்கென்று தனி ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. அதன் தொடர்ச்சிதான் இன்றைய அஷிக் எப்.எம். செமாய், தெமியார், தெமுவான் மொழிகளில் பேசுகிறது. ஒரு சின்னச் சந்தை, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத ஜனங்கள், ஆளுக்கொரு வானொலி. இதை ஒற்றுமை என்று மேடையில் சொல்வதற்கு எனக்குக் கூச்சம். பக்கத்து ஆளுக்கும் ஒரு மொழி இருக்கிறது, அவனுக்கும் அதில் செய்தி வாசிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அதுவே குறைந்த விஷயமில்லை.

1969 மே 13-க்குப் பிறகு வானொலியின் அருமை தெரிந்தது. கோலாலம்பூரில் இனக் கலவரம். சிலாங்கூரில் ஊரடங்கு. சைக்கிளில் வந்தவன் ஒன்று சொல்வான், லோரிக்காரன் வேறு சொல்வான். இரவில் ஆண்கள் வேலியோரம் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள், யாருக்குப் பயந்து என்று அவர்களுக்கே தெரியாது. வானொலி எல்லாவற்றையும் சொல்லவில்லை. அது அரசாங்க வானொலி, சொல்ல நினைத்ததைத்தான் சொல்லும். ஆனால் ஊரடங்கு எத்தனை மணிக்குத் தளரும், எத்தனை மணிக்கு மறுபடி இறுகும் என்பதை ஒவ்வொரு மொழியிலும் ஒரே மாதிரி சொன்னது. அந்த இடைவெளியில்தான் அப்பா சைக்கிளில் போய் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கிவந்தார். புரளி அலைந்த நாளில் நான்கு மொழிக்கும் பொதுவான ஒரு கடிகாரம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.30 மணியை அப்படியே நள்ளிரவு ஆக்கினார்கள். சபா, சரவாக்கோடு நேரம் ஒத்துப்போவதற்காக தீபகற்பம் அரை மணி முந்திக்கொண்டது. வானொலி நாள்கணக்காகச் சொல்லிச் சொல்லி எங்களைத் தயார் செய்தது. பட்டணத்தில் அது ஒரு வேடிக்கை. தோட்டத்தில் மறுநாள் பெரட்டு அதே மணிக்கு அடித்தது; சூரியன் மட்டும் அரை மணி பின்தங்கிவிட்டது. "ரேடியோக்காரன் ஒரு வார்த்த சொன்னான், எனக்கு அரை மணி தூக்கம் போச்சு" என்று வரக்கோப்பியைக் குடித்துக்கொண்டே முனகினாள் அம்மா. அவள் வானொலியைத் திட்டிக் கேட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

இரவு வானொலி வேறு மாதிரி. பகலில் பக்கத்திலேயே சுற்றும் மத்திய அலை, இருட்டியதும் வானத்தின் உச்சியில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கத்து சுமத்ராக் குரல்கள் எங்கள் லயத்துக்குள் வந்து ஏறி இறங்கிப் போகும். சிற்றலை இருந்த பெட்டி கிராணி வீட்டில்தான். யாழ்ப்பாணத்து வம்சம் அவர். அவர் வீட்டுத் திண்ணைக்கு வெளியே மண்ணில் நின்றுகொண்டு நாங்கள் இலங்கை வானொலி கேட்டிருக்கிறோம். படியேறும் வழக்கம் இல்லை; யாரும் தடுக்கவுமில்லை, யாரும் ஏறவுமில்லை. தமிழ் என்று ஒரே பேரில் சொன்னாலும் தோட்டத்தில் கிராணி வீடும் லயமும் வெவ்வேறு நாடு. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் பிபிசி தமிழோசைக்காக அவர் வாசலில் கூட்டம் சேர்ந்தது. கரகரப்புக்கு நடுவே செய்தி வந்தது. கிராணியின் மனைவி அழ ஆரம்பித்ததும் எங்கள் ஆயா ஒருவரையும் கேட்காமல் படியேறிப் போய் அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்துதான் செய்தி கேட்டோம். தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோனது.

தோட்டமும் நின்றுபோனது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது. சில தோட்டங்கள் வீட்டுமனை ஆயின. ஜனங்கள் ரவாங், கிள்ளான், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (2007-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு வைத்த புதுப்பேர்) என்று மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வானொலியும் மாறியது. தமிழில் ஒலிபரப்பிய இந்தியப் பகுதி ரேடியோ 6 ஆகி, பிறகு மின்னல் எப்.எம். ஆனது, தனியார் அலைவரிசையில் ராகா வந்தது. ஒலி பளிச்சென்று இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது, உள்ளூர்ப் பாடகர்களின் பாட்டுக்கு இடம் கிடைக்கிறது. நல்லதுதான். குறை ஒன்று சொல்வேன். இப்போது பேசுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிச் சிரித்துக்கொள்கிற நேரம் கூடிவிட்டது. நேயர் பேசுகிற நேரம் குறைந்துவிட்டது. அறிவிப்பாளரின் காலைச் சாப்பாடு என்ன என்று எனக்குத் தெரியும். சபாக் பெர்ணத்தில் இன்று யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

இருந்தாலும் கஷ்டகாலத்தில் அது பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, எங்கே போகலாம், எங்கே கூடாது, வீட்டுக்கு எத்தனை பேர் வெளியே வரலாம் என்று தமிழில் பொறுமையாகச் சொன்ன குரலை நம்பித்தான் என் அக்கா வீட்டோடு இருந்தாள். வாட்ஸ்அப்பில் வந்த கைவைத்தியங்களை அவள் பேரன் படித்துக் காட்டினால், "ரேடியோவுல சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்பாளாம். 2021 டிசம்பர் வெள்ளம் சிலாங்கூரைப் பிடித்தபோது அவள் அடுக்குமாடியில் மின்சாரம் போய், எல்லாருடைய கைப்பேசியும் ஒவ்வொன்றாக அணைந்தது. மாடிப்படியில் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லோரும் அவளுடைய பேட்டரிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, குமிழை மாற்றி மாற்றி, அவரவர் மொழிச் செய்தியை முறைவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எண்பதை நெருங்கும் வயது. அன்றைக்கு அந்த மாடியில் அவளிடம்தான் தகவல் இருந்தது.

ஆகையால் வீட்டில் வயதானவர்களை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "கைப்பேசியிலேயே வானொலி வருதே, பழைய பெட்டி எதுக்கு?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசிக்கு இணையம் வேண்டும், மின்சாரம் வேண்டும், கண் தெரிய வேண்டும், விரல் நடுங்காமல் இருக்க வேண்டும். கையால் திருகுகிற குமிழும் பேட்டரி போடுகிற அறையும் உள்ள சின்னப் பெட்டி இன்னமும் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, கோலாலம்பூர் வட்டாரத்தில் மின்னலுக்கு 96.3, ராகாவுக்கு 99.3 என்று கண்டுபிடித்து, அந்த இடங்களில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் கொடுங்கள். மாற்றுப் பேட்டரியும் சேர்த்து வாங்குங்கள்.